எம்பயர் ஸ்டேட் கட்டடம்: ஏசி சில்லரைத் தொடும் முன் லோடைக் குறைத்த கதை

ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் கரண்ட் பில்லைக் குறைக்க வேண்டும் என்று உட்கார்ந்தால், பேச்சு நேராக ஏசி பிளான்ட்டுக்குத்தான் போகும். சில்லர் (ஏசிக்குக் குளிர்நீர் தரும் பெரிய யந்திரம்) பழசாகிவிட்டது, புதுசு போட்டால் ஆண்டுக்கு இத்தனை யூனிட் மிச்சம் என்று ஒரு கணக்கு வரும். பின்னாலேயே கொட்டேஷன் வரும். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்திலும் 2008 வரை அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். குளிரூட்டும் பிளான்ட்டைப் புதுப்பித்துப் பெரிதாக்க 2.24 கோடி டாலர் பட்ஜெட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பிறகு வேலைகளின் வரிசையை மாற்றிப் போட்டார்கள். மாற்றியபின் அதே பிளான்ட்டுக்கு வந்த மதிப்பீடு 51 லட்சம் டாலர்.

இந்த வித்தியாசம் எப்படி வந்தது என்று பிடிபட்டால் முழுத் திட்டமும் பிடிபட்டுவிடும். 38 சதவீத எரிசக்தி மிச்சம், போட்ட பணம் மூன்றே ஆண்டில் திரும்பும் என்று இந்தக் கட்டடத்தைப் பற்றி எங்கும் எழுதுகிறார்கள். அந்த எண்களில் பொய் இல்லை. ஆனால் எந்த நிலைமையில் அவை வந்தன என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்துப் போனால், இன்னொரு கட்டடத்தின் உரிமையாளர் நிச்சயம் ஏமாந்துபோவார். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

கட்டடம் இருந்த நிலை

1931 மே 1 அன்று திறக்கப்பட்ட கட்டடம் இது. 102 மாடிகள், ஏறத்தாழ 28 லட்சம் சதுர அடி. 1981-ல் நியூயார்க் நகரம் இதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. 1986-ல் தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் ஆனது. எனவே வெளித்தோற்றத்தில் கை வைக்க முடியாது. பளபளவென்று புதுக் கண்ணாடிச் சுவர் போடுவது, வெளிப்புறம் காப்புப் பலகை ஒட்டுவது போன்ற வேலைகளுக்கு இங்கே இடமே இல்லை.

திட்டத்துக்கு முன் கட்டடத்தின் எரிசக்திக் கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 1.1 கோடி டாலர். ஒரு சதுர அடிக்கு ஆண்டுக்கு 88,000 பி.டி.யு. (அமெரிக்காவில் வழங்கும் எரிசக்தி அளவு) செலவானது. நமக்குப் பழகிய அளவில் சொன்னால் சதுர மீட்டருக்குச் சுமார் 278 கிலோவாட் மணி. கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்குச் சுமார் 25,000 டன். உச்ச நேர மின் தேவை 9.5 மெகாவாட் அளவில் இருந்தது. அமெரிக்க அலுவலகக் கட்டடங்களோடு ஒப்பிட்டால் இது மோசமும் இல்லை, சிறப்பும் இல்லை, நடுத்தரம். இதை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஏனென்றால், படு மோசமாக நடந்துகொண்டிருந்த கட்டடத்தைச் சரிசெய்து 38 சதவீதம் காட்டுவது ஒன்று. சராசரியாக இருந்த கட்டடத்தில் அதைக் காட்டுவது வேறு.

இந்த எரிசக்தி இரண்டு வழியாக உள்ளே வருகிறது. விளக்கு, கணினி, லிப்ட், விசிறி, சில்லர் எல்லாம் மின்சாரத்தில் ஓடுகின்றன. குளிர்கால வெப்பம் நீராவியாக, கான் எடிசன் நிறுவனத்தின் தெருவடிக் குழாய்களில் வருகிறது. மன்ஹாட்டனில் 1882-லிருந்து இந்த நீராவி விநியோகம் நடந்துவருகிறது. ஜன்னல்களுக்குக் கீழே, வெளிச்சுவரை ஒட்டி நின்று அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குள் அந்த நீராவி போகிறது.

கட்டடத்தின் உரிமைத் தரப்பில் இதை முன்னின்று நடத்தியவர் ஆண்டனி மால்கின். கட்டடம் முழுவதையும் சீரமைக்க 50 கோடி டாலருக்கு மேல் போகும் ஒரு திட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. லாபி, லிப்ட், கழிப்பறை, பார்வையாளர் தளம், ஏசி எல்லாம் அதில் அடக்கம். ஆகவே எரிசக்தி வேலை தனியாக முளைக்கவில்லை. எப்படியும் சுவரையும் கூரையையும் திறக்கப்போகிற நேரத்தில் உள்ளே நுழைந்தது. முன்னாள் அதிபர் கிளின்டனின் அறக்கட்டளை நடத்திய கிளின்டன் காலநிலை முயற்சி, கட்டடக் கன்ட்ரோல் நிறுவனமான ஜான்சன் கன்ட்ரோல்ஸ், ரியல் எஸ்டேட் நிறுவனமான ஜோன்ஸ் லாங் லசால், எரிசக்தி ஆய்வு அமைப்பான ராக்கி மவுண்டன் இன்ஸ்டிட்யூட் ஆகிய நான்கும் உரிமையாளர் தரப்போடு சேர்ந்து உட்கார்ந்தன. 2009 ஏப்ரலில் திட்டம் வெளியிடப்பட்டது.

அறுபதுக்கு மேல் யோசனை, தேறியது எட்டு

அறுபதுக்கும் மேற்பட்ட யோசனைகளில் தொடங்கினார்கள். கட்டடத்தை அப்படியே ஒரு கணினி மாதிரியாக உருவாக்கி, ஒவ்வொரு யோசனையையும் தனியாகவும் சேர்த்தும் ஓட்டிப் பார்த்தார்கள். சேர்த்து ஓட்டிப் பார்ப்பதுதான் இங்கே உயிர். விளக்குகளின் வாட்டைக் குறைத்தால் மின்சாரம் மிச்சம். கோடையில் அந்த விளக்குகள் கக்கிய வெப்பமும் இல்லாததால் ஏசி லோடும் குறையும். ஆனால் குளிர்காலத்தில் அந்த வெப்பம் இல்லாததால் நீராவி கொஞ்சம் கூடும். இப்படி ஒன்று இன்னொன்றைத் தொடாத வேலையே ஒரு கட்டடத்தில் கிடையாது. தனித்தனியாகப் போட்ட கணக்குகளைக் கூட்டி வைத்தால் வருவது நம்ப முடியாத எண்.

முடிவில் எட்டு வேலைகள் தேறின. 38 சதவீதத்தில் அவற்றின் பங்கு இப்படிப் பிரிந்தது. கட்டடம் முழுக்க டிஜிட்டல் கன்ட்ரோல் 9. வாடகைதாரர் தளங்களில் விளக்கும் பிளக் லோடும் (பிளக்கில் செருகி ஓட்டும் கருவிகள்) 6. ஜன்னல், சில்லர், காற்று கையாளும் யூனிட்கள் ஆகிய மூன்றும் ஆளுக்கு 5. ரேடியேட்டருக்குப் பின்னால் தடுப்பு 3, வாடகைதாரருக்குத் தங்கள் பயன்பாட்டைக் காட்டும் ஏற்பாடு 3, தேவைக்கேற்ற காற்றோட்டம் 2.

ஒற்றை இலக்கத்தைத் தாண்டிய வேலை ஒன்றுகூட இல்லை என்பதைப் பாருங்கள். தனியாகப் பார்த்தால் எதற்கும் கைதட்டத் தோன்றாது.

ஐந்தாம் மாடியில் ஒரு பட்டறை

இந்தத் திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஜன்னல்கள்தான்.

கட்டடத்தில் 6,514 ஜன்னல்கள். மேலும் கீழும் நகரும் இரட்டைச் சட்ட ஜன்னல்கள்; ஒவ்வொரு சட்டத்திலும் இரண்டு கண்ணாடிகள். ஆக மொத்தம் 26,000 கண்ணாடித் தகடுகளுக்கு மேல். அவை 1931-ன் கண்ணாடிகள் அல்ல. பின்னாளில் மாற்றிப் போட்ட இரட்டைக் கண்ணாடிதான், பார்க்கவும் நல்ல நிலையில் இருந்தவை. அதனால் ஆரம்பத்தில் ஜன்னலை யாரும் பெரிதாக எண்ணவில்லை. பட்ஜெட்டில் அதற்கென்று ஒதுக்கியிருந்தது மிகச் சிறிய தொகை. எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஜன்னல் போட்டால் செலவு தலைக்கு மேல் போகும். இருக்கும் நல்ல கண்ணாடி குப்பைக்குப் போகும்.

அப்புறம்தான் அந்த வழி கிடைத்தது. கட்டடத்தின் ஐந்தாம் மாடியில் காலியாக இருந்த இடத்தில் ஒரு பட்டறையே போட்டார்கள். அலுவலக நேரம் முடிந்தபின் ஜன்னல் சட்டங்களைக் கழற்றி லிப்டில் கீழே கொண்டுவந்தார்கள். ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடிகளையும் பிரித்தெடுத்து, பழைய பசையைச் சுரண்டி, கழுவிச் சுத்தம் செய்தார்கள். நடுவில் ஒரு மெல்லிய படலத்தை இழுத்துப் பொருத்தினார்கள். அந்தப் படலத்தின் மேல் பூச்சு ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தை அது விட்டுவிடும். வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பிவிடும். மறுபடி ஒட்டி அடுப்பில் வைத்தால் படலம் சுருங்கிச் சுருக்கமில்லாமல் விறைத்து நிற்கும். பிறகு இடைவெளியில் ஆர்கான், கிரிப்டான் வாயுக்களை நிரப்பி அடைத்துவிடுவார்கள். இந்த வாயுக்கள் சாதாரணக் காற்றைவிட மெதுவாகத்தான் வெப்பத்தைக் கடத்தும்.

இரட்டைக் கண்ணாடி, நடுவில் படலத்தோடு மூன்றடுக்குக்குச் சமமாகிவிட்டது. வெப்பத்தைத் தடுக்கும் திறன் இரண்டு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. வெயிலால் உள்ளே வரும் வெப்பம் பாதிக்கும் கீழே இறங்கியது. பழைய பொருளில் 96 சதவீதம் அதே கட்டடத்திலேயே மறுபடி பயன்பட்டது. வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. சின்னம் சின்னமாகவே இருந்தது. 2010-க்குள் எல்லா ஜன்னலும் முடிந்துவிட்டன.

செலவு சுமார் 45 லட்சம் டாலர். ஒரு ஜன்னலுக்கு 700 டாலருக்குள் அடங்கும். ஆனால் ஜன்னலால் நேரடியாக மிச்சமாகும் எரிசக்தி ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் டாலர்தான். தனியாக ஒரு மேலாளரின் மேசையில் இந்தக் கணக்கை வைத்தால், பணம் திரும்ப 11 ஆண்டா, வேண்டாம் என்று தள்ளிவிடுவார். பெரும்பாலான கட்டடங்களில் ஜன்னல் வேலை செத்துப்போவது இந்த இடத்தில்தான்.

ரேடியேட்டருக்குப் பின்னால்

இது மிகச் சின்ன வேலை. ஆனாலும் நேராகப் போய்ப் பார்த்தால்தான் பிடிபடும் என்பதால் இதற்கு ஒரு தனி மரியாதை உண்டு.

ரேடியேட்டர்கள் வெளிச்சுவரை ஒட்டி நிற்கின்றன. முன்பக்கம் அறைக்கு வெப்பம் தருகிறது. பின்பக்கம் அதே அளவு தீவிரத்தோடு சுவரைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் ஜனவரி மாத மன்ஹாட்டன். காசு கொடுத்து வாங்கிய நீராவியில் ஒரு பங்கு கல்லைத் தாண்டித் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது. 6,000-க்கு மேற்பட்ட ரேடியேட்டர்களின் பின்னால் வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் காப்புத் தகடுகளைச் செருகினார்கள். அதோடு ரேடியேட்டர்களைச் சுத்தம் செய்து, வெப்பநிலையைப் பார்த்துச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை முன்பக்கத்துக்கு மாற்றும் வேலையும் இருந்தது. தெர்மோஸ்டாட் தப்பான இடத்தில் இருந்தால் அது அறையின் குளிரைப் பார்க்காது, மூலையின் குளிரைத்தான் பார்க்கும். அறையில் இருப்பவர் வேர்த்துப்போய் ஜன்னலைத் திறப்பார். நீராவி ஓடிக்கொண்டே இருக்கும்.

சில்லருக்குக் கிடைத்த விடுதலை

இப்போது ஏசி பிளான்ட்டுக்கு வரலாம்.

ஒரு சில்லர் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது ஆண்டின் மிகச் சூடான நாள். அன்று வெயில் ஜன்னல் வழியாகக் கொண்டுவரும் வெப்பம், விளக்குகள், கணினிகள், மனிதர்கள், வெளியிலிருந்து இழுக்கும் ஈரக்காற்று எல்லாம் சேர்ந்ததுதான் லோடு. அந்த ஒரு நாளுக்காக வாங்கும் டன் கணக்கை, மற்ற நாட்களிலும் சுமந்துகொண்டே இருக்க வேண்டும்.

எம்பயர் ஸ்டேட்டில் ஜன்னலும் விளக்கும் காற்றோட்டமும் முதலில் சரியானதால் உச்ச குளிரூட்டும் தேவை 1,600 டன், அதாவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஒரு டன் என்பது 3.5 கிலோவாட் வெப்பத்தை வெளியே தள்ளும் திறன். 1,600 டன் என்றால் ஐந்தரை மெகாவாட்டுக்கு மேற்பட்ட வெப்பத்தை இனி யாரும் தள்ள வேண்டியதில்லை. பிளான்ட்டைப் பெரிதாக்கும் பேச்சே இல்லாமல் போனது. ஏற்கெனவே இருந்த நான்கு மின் சில்லர்களின் வெளிக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பாகங்களைப் புதுப்பித்து, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரைவ்களையும் புதுக் கன்ட்ரோலையும் பொருத்தினால் போதும் என்று ஆனது.

ஒதுக்கி வைத்த பணத்தில் 1.73 கோடி டாலர் தேவைப்படவே இல்லை. ஜன்னலைத் தனியாகப் பார்த்து 11 ஆண்டு என்று சொன்ன கணக்கு இங்கே வந்து தலைகீழாகிறது. சுமார் 45 லட்சம் டாலர் ஜன்னல் வேலை, கரண்ட் பில்லில் மட்டும் சேமிக்கவில்லை. வாங்கவே வேண்டாத ஒரு பிளான்ட்டின் விலையில் அதற்கும் பங்கு உண்டு. இந்தப் பங்கை ஜன்னலின் கணக்கில் யாரும் எழுதுவதில்லை. ஜன்னல் ஒருவர் பட்ஜெட், சில்லர் இன்னொருவர் பட்ஜெட் என்று பிரிந்துகிடக்கும் வரை எழுதவும் முடியாது.

வரிசை மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். முதலில் பெரிய சில்லரை வாங்கியிருப்பார்கள். அடுத்த ஆண்டு ஜன்னலைச் சரிசெய்தால் லோடு குறையும். ஆனால் வாங்கிய சில்லர் சுருங்காது. அரை லோடுக்கும் கீழே ஓடும் பெரிய யந்திரம் திறனையும் இழக்கும். அடுத்த 20, 25 ஆண்டுகளுக்கு அந்த வாய்ப்பு மூடிப்போகும். சில்லர் மாற்றும் ஆண்டு ஒரு கட்டடத்தின் வாழ்வில் ஒரு தலைமுறைக்கு ஒருமுறை வருகிறது. தேர் கிளம்பும் முன் வடத்தைப் பிடிக்க வேண்டும் என்பார்களே, அதுதான்.

காற்றும் கன்ட்ரோலும்

பழைய காற்று கையாளும் யூனிட்கள் ஒரே அளவு காற்றை எப்போதும் தள்ளிக்கொண்டிருந்தன. தளத்தில் ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே காற்று. புதுத் திட்டத்தில் ஒரு தளத்துக்குக் கூரையில் தொங்கிய நான்கு யூனிட்களுக்குப் பதில் தரையில் நிற்கும் இரண்டு யூனிட்கள். தேவைக்கேற்பக் காற்றைக் கூட்டிக் குறைப்பவை. விசிறியின் மின்சாரம் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தோடு ஏறி இறங்கும். வேகத்தை 80 சதவீதத்துக்குக் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறையப் பாதிதான் செலவாகும். இருபது சதவீதக் காற்றை விட்டுக்கொடுத்து ஐம்பது சதவீத மின்சாரத்தை மீட்கும் இந்தக் கணக்கு எந்த ஊர்க் கட்டடத்துக்கும் பொருந்தும். யூனிட் எண்ணிக்கை குறைந்ததால் பராமரிப்பும் குறையும். தலைக்கு மேல் இருந்த இரைச்சலும் போகும்.

வெளிக்காற்றை எவ்வளவு உள்ளே விடுவது என்பதைக் கார்பன் டை ஆக்சைடு சென்சார்கள் சொல்கின்றன. ஆள் நிறைந்த கூட்ட அறையில் அளவு ஏறும், காற்று கூடும். காலி அறையில் குறையும். ஜூலையில் நியூயார்க்கின் வெளிக்காற்று சூடும் ஈரமும் நிறைந்தது. அதைக் குளிர வைத்து ஈரம் பிழிவதுதான் ஏசியின் கடினமான வேலை. யாரும் இல்லாத அறைக்காக அதைச் செய்வது வீண்.

எட்டில் அதிகப் பலன் தந்த கன்ட்ரோல் வேலையைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தும் காட்ட ஒன்றும் இல்லை. வால்வு, டேம்பர் (காற்றுக் குழாயின் மடல்), பம்ப், விசிறி எல்லாம் ஒரே திரையில் தெரிகின்றன. எது தேவையில்லாமல் ஓடுகிறது என்று இரவு ஷிப்டில் இருப்பவருக்குத் தெரிகிறது. 9 சதவீதம் அதிலிருந்து வந்தது. திறப்பு விழாவில் படம் பிடிக்க முடியாத வேலை என்பதால்தான் இது எல்லாக் கட்டடத்திலும் கடைசிக்குத் தள்ளப்படுகிறது என்பது என் எண்ணம்.

மூன்று ஆண்டா, இருபத்து நான்கு ஆண்டா?

இனி பணக்கணக்கு. இதைத்தான் மிகக் கவனமாகப் படிக்க வேண்டும்.

எரிசக்தியோடு தொடர்புள்ள வேலைகளின் மொத்த மதிப்பு ஏறத்தாழ 10.7 கோடி டாலர். இதில் 9.37 கோடி எப்படியும் செலவழிக்க ஒதுக்கியிருந்த பணம். எனவே கூடுதல் செலவு 1.32 கோடி. எல்லாம் முடிந்தபின் ஆண்டுச் சேமிப்பு 44 லட்சம். வகுத்தால் மூன்று ஆண்டு. எல்லோரும் மேற்கோள் காட்டும் எண் இதுதான்.

நான் இதையே இன்னும் இரண்டு விதமாக வகுத்துப் பார்த்தேன். சில்லரில் மிச்சமான 1.73 கோடி கிடைக்காமல் போயிருந்தால், கூடுதல் செலவு 3 கோடியைத் தாண்டும். பணம் திரும்ப ஏழு ஆண்டு. சீரமைப்புத் திட்டமே இல்லாத ஒரு கட்டடத்தில், எரிசக்திக்காக மட்டும் இந்த 10.7 கோடியையும் போட்டால்? 24 ஆண்டு.

கட்டடமும் வேலைகளும் சேமிப்பும் அப்படியே இருக்கின்றன. விடை மட்டும் 3, 7, 24 என்று மாறுகிறது. மூன்று ஆண்டு என்பது மோசடி என்று சொல்பவர்களும் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. எப்படியும் செலவாகப் போகும் பணத்தைக் கழித்துவிட்டு, கூடுதலாகப் போட்டதற்கு என்ன கிடைத்தது என்று கேட்பதுதான் நேர்மையான கேள்வி. ஆனால் "எப்படியும் செலவாகப் போகும்" என்பது உண்மையாக இருக்க வேண்டும். அந்தப் பட்ஜெட் ஏற்கெனவே முடிவான கட்டடத்தில் இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. ஐந்தாறு ஆண்டு முன்னர்தான் புது ஏசி போட்ட கட்டடத்துக்கு ஆலோசகர் ஒருவர் வந்து எம்பயர் ஸ்டேட்டைக் காட்டி மூன்று ஆண்டு என்று சொன்னால், அவரிடம் அந்தப் பட்ஜெட் தாளைக் கேளுங்கள்.

வாடகைதாரர் பக்கம்

மிச்சமாகும் எரிசக்தியில் பாதிக்கு மேல் வாடகைதாரர்களின் தளங்களுக்குள் இருந்தது. உரிமையாளர் எவ்வளவு நல்ல சில்லர் வைத்திருந்தாலும், வாடகைதாரர் உள்ளே எந்த விளக்கைப் போடுகிறார், இரவில் எத்தனை திரைகளை எரியவிட்டுப் போகிறார் என்பது உரிமையாளர் கையில் இல்லை. இன்னொரு சிக்கலும் உண்டு: முதலீடு ஒருவருடையது, குறைந்த பில் இன்னொருவருடையது. சதுர அடிக் கணக்கில் கரண்ட் கட்டணம் வாங்கும் இடத்தில், விளக்கை அணைப்பவருக்கும் அணைக்காதவருக்கும் ஒரே பில். யார் அணைப்பார்?

எம்பயர் ஸ்டேட் இதற்கு எடுத்த வழி, தளத்தைப் புதிதாக வடிவமைக்கும் நேரத்தில் உள்ளே நுழைவது. வாடகை ஒப்பந்தம் முடிந்து புதியவர் வரும்போது எப்படியும் கூரையையும் விளக்கையும் பிரிப்பார்கள். அப்போதே ஜன்னலோரத்தில் பகல் வெளிச்சத்துக்கேற்ப மங்கும் விளக்குகள், ஆளில்லாதபோது பிளக்கை அணைக்கும் சென்சார்கள், மேசைக்கு மட்டும் தனி விளக்கு என்று வடிவமைத்துவிட்டால் கூடுதல் செலவு குறைவு. தனித்தனி சப்-மீட்டர் வைத்து, தங்கள் பயன்பாட்டை வாடகைதாரர்களே பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் திட்டத்தில் இருந்தது. 32-வது மாடியை எடுத்துக்கொண்ட ஸ்கான்ஸ்கா என்ற கட்டுமான நிறுவனம் தன் தளத்தை இப்படி அமைத்து, பசுமைக் கட்டடங்களுக்குத் தரப்படும் லீட் சான்றில் பிளாட்டினம் தரமும் பெற்றது. கட்டடம் முழுவதற்கும் 2011-ல் லீட் கோல்டு கிடைத்தது.

இந்த வழியில் ஒரு குறை: மெதுவாகத்தான் நடக்கும். பத்து, பதினைந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டு உட்கார்ந்திருப்பவரை எழுப்ப முடியாது.

அளந்து பார்த்தபோது

கணினி மாதிரி ஒன்று சொல்லும், மீட்டர் வேறொன்று சொல்லும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். இங்கே நான் மதிப்பது, மீட்டரின் பேச்சுக்கு ஒரு விலை வைத்ததை. ஜான்சன் கன்ட்ரோல்ஸ் செய்த வேலைகளுக்குச் சேமிப்பு உத்தரவாத ஒப்பந்தம் போடப்பட்டது. சொன்ன அளவு மிச்சமாகாவிட்டால் வித்தியாசத்தை அந்த நிறுவனமே தர வேண்டும்.

முதல் ஆண்டில், 2011-ல், உத்தரவாதத்தைவிட 5 சதவீதம் கூடுதலாக, சுமார் 24 லட்சம் டாலர் மிச்சமானது. மூன்றாம் ஆண்டில் உத்தரவாதத்தை 15.9 சதவீதம் தாண்டி 28 லட்சம் டாலர். மூன்று ஆண்டுகளும் சேர்த்துச் சுமார் 75 லட்சம். ஆண்டுக்கு 24, 28 லட்சம் என்ற இந்தச் சேமிப்புக்கும் ஆண்டுக்கு 44 லட்சம் என்ற கணக்குக்கும் இடையே உள்ள இடைவெளிக்கு முக்கியக் காரணம், வாடகைதாரர் தளங்கள் அப்போது முடிந்திருக்கவில்லை என்பதுதான். எல்லாத் தளங்களும் முடிந்தால்தான் 44 லட்சம் என்று ஆரம்பத்திலேயே சொல்லப்பட்டிருந்தது. 38 சதவீதம் என்ற எண்ணைச் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அது முழுமையடைந்த கட்டடத்துக்கான எண்.

அப்போது விட்டுவைத்தது

2009-ல் குழுவின் முன்னால் இன்னொரு கேள்வியும் இருந்தது. வெறும் லாபத்தை மட்டும் பார்த்து நிறுத்தினால், குறைக்க முடிந்த கார்பனில் ஏறக்குறையப் பாதியை அப்படியே விட்டுவிட வேண்டியிருக்கும் என்று கணினி மாதிரி காட்டியது. எல்லா யோசனைகளையும் செய்தாலோ பணம் திரும்பவே திரும்பாது. அதனால் நடுவில் ஒரு தொகுப்பை எடுத்தார்கள். லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துக் கார்பனைக் கூடுதலாகக் குறைத்தது அது. இந்தத் தேர்வுக்காக உரிமையாளர் தரப்பை மனதாரப் பாராட்ட வேண்டும். பெரும்பாலானோர் லாப உச்சியிலேயே நின்றுவிடுவார்கள். முதல் 90 சதவீதக் கார்பன் குறைப்புக்கு டன்னுக்குச் சராசரியாக 200 டாலர் லாபம். கடைசி 10 சதவீதத்துக்கு டன்னுக்கு 300 டாலருக்கு மேல் செலவு. அந்தக் கடைசிப் பங்கு அப்போது மேசையிலேயே விடப்பட்டது.

பத்தாண்டு கழித்துச் சட்டம் மாறியது. 2019-ல் நியூயார்க் நகரம் கொண்டுவந்த 97-ஆம் எண் உள்ளூர்ச் சட்டம், 25,000 சதுர அடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குக் கார்பன் உச்சவரம்பு வைத்தது. 2024 முதல் வரம்பு நடைமுறைக்கு வந்தது; 2030-ல் அது இன்னும் இறுகும். வரம்பைத் தாண்டும் ஒவ்வொரு டன்னுக்கும் ஆண்டுக்கு 268 டாலர் அபராதம். 300, 268 என்ற இரண்டு எண்களையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிடக் கூடாது. ஒன்று 15 ஆண்டுக் கணக்கில் வந்த சராசரிச் செலவு, மற்றது ஆண்டுதோறும் விழும் அபராதம். ஆனாலும் 2009-ல் நட்டம் என்று ஒதுக்கிய யோசனைகளை இப்போது மறுபடி எடுத்துப் பார்க்காத உரிமையாளர் மன்ஹாட்டனில் இருக்க முடியாது.

அந்தக் கடைசிப் பங்கில் முக்கியமானது வெப்பம். எம்பயர் ஸ்டேட்டின் எட்டு வேலைகளும் சேர்ந்து நீராவியின் தேவையைக் குறைத்தன, நீராவியை மாற்றவில்லை. தெருவடியில் வரும் அந்த நீராவி பெரும்பாலும் இயற்கை எரிவாயுவை எரித்து உண்டாக்கப்படுகிறது. இத்தனைக்கும் பெரிய அலுவலகக் கட்டடங்களின் நடுப்பகுதி குளிர்காலத்திலும் சூடாகத்தான் இருக்கும். ஆட்கள், கணினிகள், சர்வர் அறைகள் கக்கும் வெப்பத்தை ஜனவரியிலும் கூலிங் டவர் வழியாக வானத்துக்கு அனுப்பிக்கொண்டே, ஜன்னலோரத்துக்கு நீராவி வாங்குகிறார்கள். அந்த வெப்பத்தை ஹீட் பம்ப் மூலம் பிடித்து ஓரத்து அறைகளுக்குத் திருப்ப முடியுமா, அதற்குக் குழாய்களை மாடிகளினூடே எந்தச் செங்குத்துப் பாதையில் இறக்குவது, ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும் கட்டடத்தில் எந்த மாடியிலிருந்து தொடங்குவது என்பதுதான் இப்போது அந்த நகரத்தின் பொறியாளர்கள் போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு.